படகு வீட்டுக்குப் புது எஞ்சின்



அதியமான்கோட்டையில் இருக்கும் உங்களிடம் படகைப் பற்றிக் கேட்டால் ஒகேனக்கல் பரிசலைத்தான் சொல்வீர்கள். மூங்கில் பின்னல், வட்ட உடல், ஒரே ஒரு துடுப்பு. எஞ்சின் கிடையாது. பரிசல்காரர் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். இழுபடும் தண்ணீர் அதே அளவு விசையோடு துடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் பரிசல் நகர்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கேரளத்து ஆலப்புழைக்குப் போவோம். அங்கே ஒரு பழைய படகு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 20 மீட்டர், மூன்று படுக்கையறை, ஒரு சமையலறை. அதன் டீசல் எஞ்சின் தேய்ந்துவிட்டது. உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்த நினைக்கிறார். அவருக்கு ஆலோசனை சொல்லும் பொறியாளர்கள் நீங்கள். எத்தனை கிலோவாட் மோட்டார் வாங்கச் சொல்வீர்கள்?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

நெல் சுமந்த படகு

ஆலப்புழையின் படகு வீடுகள் முதலில் வீடாக இல்லை. அவை கெட்டுவள்ளம் எனப்படும் சரக்குப் படகுகள். அயினி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டிச் செய்வார்கள். ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. பலகை இடுக்குகளில் தென்னை நாரை அடைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுவார்கள். தண்ணீர் உள்ளே வராது, மரமும் சீக்கிரம் மக்காது.

ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டின் நெல்லும் மற்றச் சரக்குகளும் இந்தப் படகுகளில்தான் கொச்சிக்குப் போயின. ஆழமில்லாத நீரில் நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுவார்கள். காற்று வாகாக வீசினால் பாய் விரிப்பார்கள். பிறகு சாலைகளும் பாலங்களும் வந்தன, சரக்கு லாரிக்கு மாறியது, கெட்டுவள்ளங்கள் கரையில் கிடந்தன. 1990-களில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை கட்டி, அறைகள் அமைத்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அறைகளோடு எடை கூடியது. கழி போதவில்லை, எஞ்சின் ஏறியது.

ஆக, கழி போய் எஞ்சின் வந்தது முதல் மாற்றம். இப்போது நம் உரிமையாளர் நினைப்பது இரண்டாவது மாற்றம்.

ஏன் மாற்ற வேண்டும்? டீசல் புகையும் இரைச்சலும் ஒரு காரணம். அதிர்வு இன்னொன்று. கயிற்றால் கட்டிய பலகைகளை நாள் முழுக்க உலுக்கினால் கட்டு தளராதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் மெல்லிய படலமாக நீர்ப்பரப்பில் பரவும். இந்தப் படகு வீடுகள் ஓடும் வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலம். உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது. மீனும் இறாலும் பறவைகளும் வாழும் அந்தக் காயலில் எண்ணெய்ப் படலம் பரவுவது யாருக்கும் நல்லதில்லை.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

படகின் பின்பக்கத் தளப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் டீசல் எஞ்சின் தெரியும். அதை ஒட்டி ஒரு கியர் பெட்டி. அது எஞ்சினின் வேகமான சுற்றைக் குறைக்கும், படகு பின்னோக்கிப் போக வேண்டுமானால் சுற்றுத் திசையைத் திருப்பும். கியர் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட எஃகுத் தண்டு படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. தண்டின் நுனியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி. அதற்குப் பின்னால் திசை திருப்பும் சுக்கான்.

படகில் ஓட்டை போட்டால் தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தண்டு வெளியேறும் இடத்தில் ஓர் உறை இருக்கும். அதற்குள் எண்ணெயோ மெழுகோ ஊறிய கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி, மறை போட்டு இறுக்கியிருப்பார்கள். ரொம்ப இறுக்கினால் தண்டு சூடாகித் தேயும். தளர்த்தினால் தண்ணீர் புகும். எஞ்சினை மாற்றும் நாளில் மெக்கானிக் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. புது மோட்டாரும் பழைய தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சற்றே விலகினாலும் தண்டு அதிரும், உறை தேயும்.

உடைந்த திருகு சொன்ன பாடம்

விசிறியின் கதை சுவையானது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று ஒரு விவசாயி. கப்பலைத் திருகால் தள்ள முடியுமா என்று ஒரு பொம்மைப் படகு செய்து, தன் பண்ணைக் குட்டையிலேயே விட்டுப் பார்த்தார். 1836-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய மரத் திருகு இரண்டு முழுச் சுற்று கொண்ட நீளமான ஒன்று. 1837-இல் லண்டன் கால்வாய் ஒன்றில் சோதனை செய்தபோது திருகில் எதுவோ மோதிப் பாதி உடைந்துபோனது. படகு நின்றுவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? முன்பைவிட வேகமாக ஓடியது! நீளத் திருகு முழுவதும் தண்ணீரோடு உரசி வீணாக்கிய ஆற்றல் இப்போது மிச்சமாயிற்று. ஸ்மித் திருகைச் சுருக்கினார். இன்றைய விசிறி அந்த வழியில் பிறந்தது.

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு கயிறு இழுக்கும் போட்டி வைத்தது. ஒரு பக்கம் திருகு விசிறி கொண்ட 'ராட்லர்', மறுபக்கம் இருபுறமும் துடுப்புச் சக்கரம் கொண்ட 'அலெக்டோ'. இரண்டும் நீராவிக் கப்பல்கள். ராட்லர், அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் ராட்லரின் எஞ்சின் கூடுதல் திறன் தந்தது, அதனால் அது முழுக்கச் சமமான போட்டி இல்லை. ஒரு சோதனையின் முடிவைக் கேட்கும்போது, ஒப்பிட்ட இரண்டும் எதில் சமம், எதில் வேறு என்றும் கேட்டுப் பழகுங்கள்.

அந்த முதல் கேள்வி

இப்போது நம் படகு வீட்டுக்கு வருவோம். உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், ஐயா?"

ஒரு வாளித் தண்ணீருக்குள் உள்ளங்கையை விரித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தடை தெரியவே தெரியாது. வேகமாக நகர்த்துங்கள். தண்ணீர் கையைப் பிடித்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை ஒவ்வொரு நொடியும் இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளியாக வேண்டும். எனவே தேவைப்படும் திறன் 4 × 2 = 8 மடங்கு. இன்னும் வேகமாகப் போனால் படகு பெரிய அலைகளை எழுப்பத் தொடங்கும், அந்த அலைகளுக்கும் ஆற்றலை இழக்க வேண்டிவரும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் படகு மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போக 4 கிலோவாட் திறன் போதும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டரில் போக எட்டு மடங்கு, அதாவது 32 கிலோவாட் வேண்டும்.

12 கிலோமீட்டர் பயணம். வேகமாகப் போனால் ஒரு மணி நேரம், செலவு 32 யூனிட். மெதுவாகப் போனால் இரண்டு மணி நேரம், செலவு 4 × 2 = 8 யூனிட். (உங்கள் வீட்டுக் கரண்டு பில்லில் வரும் அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.) அதே தூரம், அதே படகு, கால்வாசி ஆற்றல்!

படகு வீட்டில் வருபவர்கள் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. தென்னந்தோப்பையும் வயல்களையும் பார்க்கத்தான் வருகிறார்கள். அதனால்தான் மின்மோட்டார் இந்தப் படகுக்கு இவ்வளவு பொருந்துகிறது.

டீசலும் பேட்டரியும் தராசில்

மின்படகு புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். மோரிட்ஸ் யாக்கோபி என்ற அறிஞர் 1838-இலேயே ரஷ்யாவின் நேவா ஆற்றில் பேட்டரிப் படகு ஓட்டினார். பிரான்சின் குஸ்தாவ் துரூவே 1881-இல் பாரிசின் சேன் ஆற்றில், கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைத் தன் படகில் வைத்துக் காட்டினார். பிறகு பெட்ரோலும் டீசலும் வந்து மின்படகை ஓரங்கட்டிவிட்டன. காரணம் எடை.

ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும். தண்டுக்கு வந்து சேர்வது 3 யூனிட் அளவுதான். இன்றைய லித்தியம் பேட்டரியில் ஒரு யூனிட்டைச் சேமிக்க, பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ எடை வேண்டும். மின்மோட்டார், வாங்கும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கைத் தண்டுக்குத் தந்துவிடும். அப்படியும் ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு 30 கிலோ பேட்டரி தேவை. பழைய ஈய அமில பேட்டரி என்றால் இதைப்போல மூன்று மடங்கு எடை.

இங்கேதான் வேகக் கணக்கு கைகொடுக்கிறது. 12 கிலோமீட்டரை வேகமாகக் கடக்க 32 யூனிட், அதற்கு 300 கிலோ பேட்டரி. மெதுவாகக் கடக்க 8 யூனிட், 80 கிலோ போதும்.

எடை கூடினால் படகு எவ்வளவு அமிழும்? ஆர்க்கிமிடீசைக் கூப்பிடுவோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கும் என்றவர் அவர். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 50 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு டன் பேட்டரி ஏற்றினால் படகு ஒரு கன மீட்டர் தண்ணீரைக் கூடுதலாக விலக்க வேண்டும். 1 ÷ 50 = 0.02 மீட்டர். வெறும் 2 சென்டிமீட்டர்! நெல் மூட்டை சுமக்கப் பிறந்த படகுக்கு இது பெரிய சுமையில்லை.

ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பின்பக்கத்திலிருந்த கனமான டீசல் எஞ்சினைக் கழற்றியதும் பின்பக்கம் மேலெழும், முன்பக்கம் தாழும். விசிறி நீர்மட்டத்துக்கு அருகே வந்து காற்றை உறிஞ்சத் தொடங்கலாம். எனவே பேட்டரிகளைப் படகின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி, சமநிலை பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். கூரைமேல் வைத்தால் படகு ஆடும்.

விசிறியையும் மாற்று

பழைய விசிறியிலேயே புது மோட்டாரை மாட்டிவிடலாமா? சேலத்திலிருந்து வரும் சரக்கு லாரி தொப்பூர் கணவாயில் எப்படி ஏறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். டாப் கியரில் ஏற முயன்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். சமதரையில் முதல் கியரிலேயே ஓட்டினால் எஞ்சின் அலறும், வண்டி வேகம் பிடிக்காது. லாரிக்குக் கியர் செய்யும் வேலையைப் படகில் விசிறியின் புரி செய்கிறது. ஒரு சுற்றுக்கு விசிறி எவ்வளவு தூரம் முன்னேறப் பார்க்கிறது என்பதே புரியின் அளவு. அது மோட்டாருக்கும் படகின் வேகத்துக்கும் ஒத்துப்போக வேண்டும்.

டீசல் எஞ்சின் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே சுற்றாது, அணைந்துவிடும். மின்மோட்டார் அப்படியில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை தரும். எனவே பெரிய விசிறியை மெதுவாகச் சுற்ற முடியும். அதனால் என்ன லாபம்?

ஒன்பதாம் வகுப்பு அண்ணன் அக்காக்களைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். சிறிய விசிறி ஒரு நொடியில் 100 கிலோ தண்ணீரை 4 மீட்டர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளுகிறது. பெரிய விசிறி ஒரு நொடியில் 400 கிலோ தண்ணீரை 1 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் 400, அதாவது படகுக்குக் கிடைக்கும் தள்ளல் சமம். ஆனால் தண்ணீருக்குக் கொடுத்த இயக்க ஆற்றல்? அரை × நிறை × வேகத்தின் வர்க்கம். சிறிய விசிறிக்கு 800 ஜூல், பெரிய விசிறிக்கு 200 ஜூல். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம்.

அப்படியென்றால் விசிறியை எவ்வளவு பெரிதாக்கலாம்? அதற்கும் எல்லை உண்டு. இறக்கையின் நுனி படகின் அடியில் இடிக்கக் கூடாது, காயலின் சேற்றிலும் உரசக் கூடாது. குட்டநாட்டில் ஆகாயத்தாமரை வேறு மண்டிக் கிடக்கிறது. அதன் வேரும் தண்டும் விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறிச் சூடாகும். அதற்காகவே மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும்.

வெயில் எவ்வளவு தரும்?

பேட்டரியை வெயிலால் நிரப்ப முடியுமா? வேம்பநாட்டுக் காயலில் வைக்கம் – தவணக்கடவு இடையே 'ஆதித்யா' என்ற படகு 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சூரிய மின்படகு. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் சோலார் தகடுகள், தலா 20 கிலோவாட் கொண்ட இரண்டு மோட்டார்கள், 50 யூனிட் பேட்டரி. தண்ணீர்த் தடை குறைய வேண்டும் என்று ஒல்லியான இரண்டு உடல்களை இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் படகுகளும் பேட்டரியில் ஓடுபவைதான்.

நம் படகு வீட்டில் 40 சதுர மீட்டர் கூரையில் தகடு போடலாம் என்று கொள்வோம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட் தருகிறது. தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆக 8 கிலோவாட். காலை மாலை வெயில் குறைவு என்பதால் நல்ல நாளில் கிடைப்பது 30 யூனிட் அளவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் குறையும்.

பகலில் நான்கு மணி நேரம் மெதுவாக ஓடினால் மோட்டாருக்கு 4 × 4 = 16 யூனிட். அப்புறம் 14 மிச்சம் என்று கைதட்டாதீர்கள். இரவில் மூன்று அறையிலும் ஏசி ஓடுமே! ஓர் ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட் என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு 24 யூனிட். படகை நகர்த்துவதைவிட அறையைக் குளிர வைக்கத்தான் அதிக மின்சாரம் செலவாகிறது. எஞ்சினைப் பற்றிப் பேச வந்த உரிமையாளரிடம் நீங்கள் சன்னலையும் கூரையையும் பற்றிப் பேசியாக வேண்டும். காற்று நன்றாக வந்துபோகும் அறைக்கு ஏசி குறைவாகப் போதும்.

மீனவர்கள் வலை வீசுவதற்காகப் படகு வீடுகள் மாலையில் கரை ஒதுங்கிவிடுகின்றன. அங்கே மின் இணைப்பு இருந்தால் இரவு முழுக்க ஏசியும் ஓட்டலாம், பேட்டரியையும் நிரப்பலாம்.

ஓர் எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பேட்டரியையும் தண்ணீரையும் வைத்து விளையாட வேண்டாம். பெரிய பேட்டரி தவறாக இணைக்கப்பட்டால் தீப்பிடிக்கும். உண்மையான படகில் பயிற்சி பெற்றவர்கள்தான் இந்த வேலையைச் செய்வார்கள். எஞ்சின் மாற்றிய படகை அதிகாரிகள் சோதித்துச் சான்று தந்த பிறகே பயணிகளை ஏற்றலாம்.

செய்து பாருங்கள்

தேவை: மூடியுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு நீளக் குச்சிகள், ரப்பர் பேண்டுகள், தடித்த பிளாஸ்டிக் அட்டை, துணி துவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர்.

பாட்டிலைப் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், குச்சிகள் பாட்டிலின் அடிப்பாகத்தைத் தாண்டி ஒரு சாண் நீட்டியிருக்கட்டும். நீட்டிய முனைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். 3 சென்டிமீட்டர் அகலத்தில் அட்டைத் துண்டு வெட்டி, ரப்பர் பேண்டின் நடுவில் செருகி 20 முறை முறுக்குங்கள். தண்ணீரில் வைத்து விடுங்கள். படகு பின்பக்கமாக ஓடினால் மறுபக்கம் முறுக்குங்கள்.

எவ்வளவு தூரம், எத்தனை நொடி என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து 5 சென்டிமீட்டர் அகல அட்டை, பிறகு 7 சென்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் அதே ரப்பர் பேண்டு, அதே 20 முறுக்கு. ஒவ்வோர் அட்டையையும் மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். எது வேகமாகப் போனது, எது அதிக தூரம் போனது? இரண்டுக்கும் ஒரே அட்டைதானா? பிறகு பாட்டிலுக்குள் கால்வாசி மணல் நிரப்பி மறுபடி ஓட்டுங்கள். எந்த அட்டை நன்றாக ஓடியது என்பது எடை ஏறியதும் மாறுகிறதா?

வேகத்துக்கு ஓர் அட்டையும் தூரத்துக்கு வேறோர் அட்டையும் ஜெயித்தால் குழம்ப வேண்டாம். படகு வீட்டுக்காரரிடம் கேட்ட அதே கேள்வியை உங்கள் பாட்டில் படகுக்கும் கேளுங்கள். எப்படிப் போக வேண்டும் என்று முடிவு செய்தால்தான் எந்த அட்டை சரி என்று சொல்ல முடியும்.